ஒருவரும் சாகாத ஆஸ்பத்திரியின் மேனேஜர்

தாணுமாலயன் மேனேஜராக இருந்த காலத்தில் அந்த ஆஸ்பத்திரியில் ஒருவர்கூடச் சாகவில்லை. உலகத்தில் எத்தனையோ பெரிய ஆஸ்பத்திரிகள் உண்டு. கப்பலில் வந்த இயந்திரங்களும், விமானம் ஏறிப் போய்ப் படித்த டாக்டர்களும் அங்கே உண்டு. ஆனாலும் அங்கெல்லாம் மனிதர்கள் கொஞ்சமும் கூச்சமில்லாமல் செத்துப்போகிறார்கள். பாறசாலையிலிருந்து குன்னத்துகாலுக்குப் போகிற சாலையில், ஒரு ரப்பர் தோட்டத்துக்கும் ஒரு மரக்கடைக்கும் நடுவே இரண்டு மாடியோடு நின்ற டாக்டர் விஜயதாஸின் ஆஸ்பத்திரியில் மட்டும் எமனுக்கு அனுமதி இல்லை.

இந்தச் செய்தியைத் தாணுமாலயன் கல்யாணப் பந்திகளில்தான் வெளியிடுவார். பருப்பு விளம்பி, பப்படம் வந்துசேர்கிற இடைவெளியில் பக்கத்து இலைக்காரர் பக்கம் சாய்வார்.

“எங்க ஆசுத்திரியில இதுவரைக்கும் ஒரு சாவு கெடையாது ஆக்கும்.”

“அது எப்பிடி ஓய்? ஆளுன்னா சாவாதா?”

“நிர்வாகம்” என்பார் தாணுமாலயன், பப்படத்தை நொறுக்கியபடி.

அந்த நிர்வாகத்துக்கு நான்கு சக்கரங்கள் இருந்தன. வெள்ளை மெட்டடோர் வண்டி, மேலே ஒரு நீல விளக்கு, உள்ளே ஓட்டுநர் பொன்னுதாஸ். அறுவை முடிந்த ஒருவருக்குக் காய்ச்சல் ஏறினாலோ, மூச்சு முட்டினாலோ, ரத்தம் நிற்காமல் போனாலோ, நர்ஸ் சுகுமாரி மேனேஜரிடம் வந்து சொல்லவேண்டும். மேனேஜர் பொன்னுதாஸைக் கூப்பிடவேண்டும். வண்டி வடக்கே திரும்பினால் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ். தெற்கே திரும்பினால் நாகர்கோவில். வடக்கே அமரவிளைப் பாலத்தைத் தாண்டிய பிறகு நேருவது நம்முடைய சாவு ஆகாது. தெற்கே களியக்காவிளை செக்போஸ்ட்டைத் தாண்டிவிட்டாலோ அது வேறு மாநிலத்துச் சாவு. கேரள சர்க்காரே அதில் தலையிட முடியாது.

பிசகு எல்லா ஆஸ்பத்திரியிலும் வரும். நல்ல கையாலே போட்ட முடிச்சும் ஒருநாள் நழுவும். பிசகிய பிறகு சில இடங்களில் டாக்டர்கள் ஓடுவார்கள். இங்கே வண்டி ஓடியது.

தாணுமாலயனைப் பழிக்க வேண்டாம். இது அவருக்கு ரத்தத்தில் வந்தது. அவருடைய தாத்தா திருவிதாங்கூர் சர்க்காரில் பார்வத்தியகாரர், அதாவது ஒரு பகுதி முழுவதற்கும் நிலவரி பிரிக்கிற அதிகாரி. ஒரு வருடம் வெள்ளம் வந்து நெற்பயிர் அழுகியபோது, தன் பகுதியின் சேதத்தையெல்லாம் எல்லைக்கல்லுக்கு அந்தப்பக்கத்துச் சேதமாக மேலிடத்துக்குத் தெரிவித்து, வெள்ளமே தொடாத பகுதியை ஆண்டவர் என்று பெயர் வாங்கினார். தாணுமாலயனோ சிறுவயதில் களியக்காவிளையில் ஓர் அரிசி மண்டியில் கணக்கெழுத நின்றவர். செக்போஸ்ட்டுக்குத் தெற்கே சாதாரண அரிசியாக இருப்பது வடக்கே வந்ததும் கடத்தல் அரிசியாகிற அதிசயத்தைத் தினமும் கண்ணால் பார்த்தவர். பொருள் ஒன்றுதான், எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே விஷயம். இந்தத் தத்துவத்தை அரிசியிலிருந்து மனிதனுக்கு மாற்ற அவருக்குப் பெரிய சிரமம் இருக்கவில்லை.

டாக்டர் விஜயதாஸும் கெட்டவர் அல்ல. கை சுத்தமான கை. ஆனால் பல வருடமாகக் கஷ்டமான நோயாளிகளை வண்டியில் ஏற்றி ஏற்றி, அந்தக் கைக்கு எளிய வேலை மட்டுமே பழகிப்போயிருந்தது. குடல்வால், குடலிறக்கம், கர்ப்பப்பை. வயிற்றைத் திறந்து மூடுவார். மூடிய வயிறு முணுமுணுத்தால் ஜன்னல் வழியே வண்டி நிற்கிற இடத்தைப் பார்ப்பார்.

நிர்வாகத்துக்கு இன்னொரு அங்கமும் உண்டு. அது துட்டி கேட்பது, அதாவது சாவு வீட்டில் துக்கம் விசாரிப்பது. வண்டியில் போனவர் திரும்பி வராவிட்டால், மேனேஜர் மறக்காமல் ஒரு மலர் வளையத்தோடு அந்த வீட்டுக்குப் போவார். முற்றத்தில் பந்தலுக்குக் கீழே ஆண்களோடு தலைகுனிந்து உட்காருவார். “ஆசுத்திரியிலிருந்து மேனேஜரே வந்திருக்காரு பாத்தியளா” என்று அவர்கள் நெகிழ்ந்துபோவார்கள். பெண்கள் இருக்கிற உள்வீட்டுக்கு ஓர் ஆண் போக முடியாது என்பதால் மனைவி கோமளவல்லியையும் கூட்டிப்போவார். கோமளவல்லி உள்ளே பாயில் உட்கார்ந்து, செத்தவரின் மனைவியையோ மகளையோ அம்மையையோ கட்டிக்கொண்டு அழுவாள்.

முற்றத்தில் ஆண்கள் விதியைப் பற்றிப் பேசினார்கள். உள்வீட்டில் பெண்கள் வண்டியைப் பற்றிப் பேசினார்கள். தாணுமாலயன் கேட்டதும் கோமளவல்லி கேட்டதும் வேறு வேறு. வீட்டுக்குத் திரும்புகிற வழியில் அவர் எதுவும் கேட்கமாட்டார், அவளும் சொல்லமாட்டாள்.

தொண்ணூற்று நான்காம் வருடத்து மழைக்காலத்தில் கோமளவல்லிக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று தெரிந்தது. தங்கை வீட்டுக்காரர்கள் திருவனந்தபுரத்தில் காட்டலாம் என்றார்கள். தாணுமாலயன் சம்மதிக்கவில்லை. “ஒரு சாவும் இல்லாத ஆசுத்திரி நம்ம கைக்குள்ள இருக்க, வேற எடம் என்னத்துக்கு?” என்றார். சொந்தக் கடைச் சாராயத்தைத் தானே குடித்த வியாபாரிபோல, அந்தப் பெருமையை ஊரைவிட அதிகமாக நம்பியவர் அவர்தான்.

ஆபரேஷன் ஒரு சாயங்காலம் நடந்தது. நன்றாகவே நடந்தது. நெய்யாற்றின்கரையிலிருந்து மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் ராஜபாய் வந்து, வேலை முடிந்ததும் போய்விட்டார். கோமளவல்லி கண் விழித்துப் பேசினாள். துணைக்கு மகள் மஞ்சு இருந்தாள்; தனுவச்சபுரம் காலேஜில் படிக்கிறவள். தாணுமாலயன் வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினார்.

மறுநாள் காலை அவர் கீழே தன் அறையில் மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தபோது வாசலில் சுகுமாரி வந்து நின்றாள். மூச்சு வாங்கியது.

“சாரே, ஏழாம் கட்டில்ல பிரஷர் எறங்கிக்கிட்டே இருக்கு. நாடி ஓடுது. வயிறு கல்லுபோல ஆச்சு.”

தாணுமாலயன் தலை நிமிரவில்லை. “பொன்னுதாச விளி. வண்டி வடக்க போவட்டு.”

“சாரே...”

“சொந்தக்காரங்கட்ட பேடிக்காண்டாம்னு சொல்லு. மேல்சிகிச்சைன்னு சொல்லணும், கேட்டியா? மத்தது ஒண்ணும் சொல்லாண்டாம்.”

“சொந்தக்காரரு நீங்களாக்கும் சாரே.”

மருந்துக் கம்பெனிக்காரர் எழுந்து நின்றார். தாணுமாலயன் எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. பிறகு அவர் படிகளில் ஏறிய வேகத்தை அந்த ஆஸ்பத்திரி அதற்குமுன் பார்த்ததில்லை.

கோமளவல்லியின் முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் இருந்தது. உதடு வெளுத்திருந்தது. நெற்றியில் வேர்வை முத்துமுத்தாக நின்றது. மஞ்சு அம்மையின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டர் விஜயதாஸ் வயிற்றில் கையை வைத்துப் பார்த்து, கையை எடுத்து, ஜன்னலைப் பார்த்தார்.

“உள்ள பிளீடிங் ஆவுதுன்னு தோணுது. மெடிக்கல் காலேஜுக்கு விடுவோம், மேனேஜரே. அதாக்கும் நல்லது.”

“வண்டி ரெடி” என்றார் தாணுமாலயன். வேறு வார்த்தை அவருக்குத் தெரியாது. மற்றவர்களுக்கு இத்தனை வருடமாகச் செய்ததைத்தான் அவர் மனைவிக்கும் செய்தார். இதில் பாரபட்சம் என்று ஒருவரும் குறை சொல்ல முடியாது.

பொன்னுதாஸ் ஸ்ட்ரெச்சரோடு வந்தான். சுகுமாரி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். தூக்குவதற்குக் குனிந்தபோது கோமளவல்லி கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் போவல்ல.”

“கோமளம், நேரமில்ல. கைய விடு” என்றார் தாணுமாலயன்.

“அந்த வண்டியில நான் ஏறமாட்டேன்.”

“எட்டி, நீ என்ன கொச்சுப்பிள்ளையா? அங்க பெரிய டாக்டர்மாரு உண்டு. எல்லா வசதியும் உண்டு.”

“உண்டு. போய்ச் சேந்தா உண்டு.” அவள் ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சைச் சேகரித்தாள். “இதுல ஏறினவங்க வீட்டுக்கெல்லாம் நாமளாக்கும் துட்டிக்குப் போனது. நீங்க முற்றத்துல இருந்திய. நான் உள்ள இருந்தேன். எவ எந்த எடத்துல வச்சி கண்ணு சொருகினா, எவ எங்க வச்சி தண்ணி கேட்டா, எல்லாம் எனக்குத் தெரியும். ஒற்றசேகரமங்கலத்துக்காரி பாலம் கூடத் தாண்டல்ல.”

“அவ பாலம் தாண்டியாச்சு” என்று பொன்னுதாஸ் முணுமுணுத்தான். அவனுக்குத் தொழில் மானம் உண்டு. “தாண்டின பெறவாக்கும்.”

“நீ மிண்டாம நில்லுடே” என்றாள் சுகுமாரி.

டாக்டர் குனிந்தார். குரலில் பொறுமையும் பயமும் சேர்ந்திருந்தன. “அம்மா, சொன்னாக் கேளுங்க. இஞ்ச ரத்தம் இல்ல. மயக்கம் குடுக்க ஆளு இல்ல.”

“ரெண்டும் இல்லாமலா நேத்து எனக்க வயித்தக் கீறினிய?”

கேள்வி சுருக்கமானது. மருத்துவக் கல்லூரிகளில் வருடக்கணக்கில் நடக்கிற விவாதங்களில்கூட இவ்வளவு நேரடியாக ஒன்றைக் கேட்டிருப்பார்களா என்பது சந்தேகம்.

“நேத்து... நேத்து அவங்கள வரச்சொல்லியிருந்தது” என்றார் டாக்டர்.

“இண்ணைக்கும் வரச்சொல்லுங்க.”

அவள் கண் மூடியது. பிடி தளரவில்லை. சுகுமாரி நாடியில் விரல் வைத்துக்கொண்டே டாக்டரைப் பார்த்தாள். “டாக்டரே, நாடி நூலுபோல வருது. இப்பம் ஏத்தினா அமரவிளை வரைக்கும் நிக்காது. எடுத்துச் சொல்ல நான் ஆளில்ல. ஆனா நிக்காது.”

விஜயதாஸ் தாணுமாலயனைப் பார்த்தார். தாணுமாலயன் விஜயதாஸைப் பார்த்தார். இத்தனை வருடமாக ஒவ்வொருவரும் மற்றவர்தான் முடிவெடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் மேனேஜரிடம் சொல்வார், மேனேஜர் பொன்னுதாஸிடம் சொல்வார், பொன்னுதாஸ் வண்டியிடம் சொல்வான். வண்டி யாரிடமும் சொல்லாது. அது பாட்டுக்குப் போகும். இப்போது அது கீழே உறுமிக்கொண்டு நின்றது, போக ஆளில்லை.

“மேனேஜரே, திறந்து பாக்கணும்னா எனக்கு ராஜபாய் வேணும். ரத்தம் வேணும். அதுக்குள்ள...” டாக்டர் முடிக்கவில்லை. “எனக்க கையில வச்சிப் போயிரப்பிடாது.”

அவர் சொன்னது ஆஸ்பத்திரியின் பெருமையைப் பற்றியா, கோமளவல்லியைப் பற்றியா என்று தாணுமாலயன் கேட்கவில்லை. அவர் மனத்திலும் ஒருகணம் அந்த இரண்டும் ஒன்றாகத்தான் நின்றன. இங்கேயே செத்துவிட்டால்? முதல் சாவு மேனேஜர் வீட்டுச் சாவா? பந்தியில் பக்கத்து இலைக்காரர் என்ன சொல்வார்? இந்த எண்ணம் வந்தது. வந்ததற்கு வெட்கப்பட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை, ஏனென்றால் மஞ்சு கத்தினாள்.

“அப்பா! நின்னுகிட்டு என்ன பாக்கிய? அம்மைக்கு கை குளுந்து போச்சு!”

“பொன்னுதாசே” என்றார் தாணுமாலயன். “வண்டிய எடு. ஆளில்லாம எடு.”

பொன்னுதாஸுக்குப் புரியவில்லை. அவன் வண்டி ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து இப்படியொரு கட்டளை வந்ததில்லை.

“நெய்யாற்றின்கரையில போயி ராஜபாய் டாக்டரக் கூட்டிட்டு வா. நான் போன் செய்யியேன், வாசல்ல வந்து நிப்பாங்க. மஞ்சு, நீயும் கூடப் போ. தனுவச்சபுரத்துல எறங்கி ஒனக்க காலேஜுல கேளு மக்கா. ரத்தம் தரவல்ல ஆளு யாரு உண்டு? அம்மைக்கு...” அவர் சுகுமாரி பக்கம் திரும்பினார். மனைவியின் ரத்த வகை அவருக்குத் தெரியாது.

“பி பாசிட்டிவ்” என்றாள் சுகுமாரி.

“பி பாசிட்டிவ். கெடச்சவங்க எல்லாரையும் திரும்பி வாற வழிக்கி வண்டியில அள்ளிப்போட்டுட்டு வா.”

நீல விளக்கைச் சுழற்றிக்கொண்டு, உள்ளே நோயாளியே இல்லாமல், மெட்டடோர் வாசலைத் தாண்டியது. மரக்கடைக்காரர் வெளியே வந்து தலையைச் சொறிந்தார். அந்த வண்டியை இவ்வளவு வேகமாக அவர் பார்த்ததே இல்லை. ஆளோடு போகும்போது பொன்னுதாஸ் எப்போதும் நிதானமாகத்தான் போவான்.

இனி காத்திருப்பதுதான் வேலை. ஆனால் காத்திருக்கிற வேலை அந்த ஆஸ்பத்திரிக்குப் புதிது. சுகுமாரி கட்டிலின் கால்மாட்டுக்கு இரண்டு செங்கல்லைத் தூக்கிக் கொடுத்து உயர்த்தினாள். இரண்டாவது கையிலும் ஊசி ஏற்றினாள். சலைன் பாட்டிலை மாட்ட இன்னொரு கம்பி வேண்டும். அது பழுது என்று மூலையில் போட்டிருந்தது. பழுது பார்க்கவேண்டாம், எப்படியும் வண்டியில் அனுப்பிவிடுவோமே என்று முடிவெடுத்தவர் மேனேஜர்.

“சாரே, இதப் பிடியுங்க. கீழ எறக்காண்டாம். பிழிஞ்சிக்கிட்டே இருக்கணும்” என்று சுகுமாரி பாட்டிலை அவர் கையில் கொடுத்தாள்.

தாணுமாலயன் கம்பியானார். கையை மேலே தூக்கி, பிளாஸ்டிக் பாட்டிலைப் பிழிந்துகொண்டு மனைவியின் தலைமாட்டில் நின்றார். நோயாளி இருக்கிற அறையில் அவர் இவ்வளவு நேரம் நின்றது அதுதான் முதல் தடவை. இறங்குகிற சொட்டுகளை வெறித்துப் பார்த்தார். அவை இறங்குவதைவிட வேகமாக உள்ளே எங்கோ ஒழுகிக்கொண்டிருப்பது அவருக்கு மெதுவாகத்தான் புரிந்தது.

“கோமளம்.”

அவள் இமை அசையவில்லை.

“எட்டி கோமளம். இஞ்ச பாரு.”

“ம்” என்றாள் அவள். அதற்குப் பிறகு அந்த “ம்”கூட வரவில்லை.

டாக்டர் விஜயதாஸ் அறுவை அறையில் தானே கருவிகளை எடுத்து வைத்தார். கீழே விழுந்த ஒன்றைக் குனிந்து எடுத்து, கழுவி, மறுபடி வைத்தார். பிறகு வெளியே வந்து நாடியைப் பார்த்தார். உள்ளே போனார். வெளியே வந்தார். சாலையில் வண்டிச் சத்தம் கேட்டபோதெல்லாம் மூன்று தலைகள் திரும்பின. ஒன்று மரத்தடி ஏற்றிய லாரி. ஒன்று குன்னத்துகால் பஸ். ஒன்று யாருக்கும் தேவையில்லாத ஒரு ஜீப், அதில் மைக் கட்டி ஏதோ கோயில் கொடையை அறிவித்துக்கொண்டு போனார்கள்.

“பிரஷர் கேக்கல்ல டாக்டரே” என்றாள் சுகுமாரி, காதிலிருந்து குழாயை எடுக்காமல்.

“இன்னொரு மட்டம் பாரு.”

“பாத்தாச்சு.”

விஜயதாஸ் ஒரு கணம் கண்ணை மூடினார். “உள்ள எடுங்க. அவங்க வரும்போ வரட்டு. மேசையில கெடக்கட்டு. ஒரு நிமிஷம் கூட வீணாக்கப்பிடாது.”

மேசைக்கு மாற்றிக்கொண்டிருக்கும்போதுதான் வண்டி வந்தது. பொன்னுதாஸ் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. முன் சீட்டிலிருந்து டாக்டர் ராஜபாய் இறங்கி, செருப்பைப் படியிலேயே உதறிவிட்டு மேலே ஓடினார். பின்கதவைத் திறந்ததும் நோயாளி படுக்கிற இடத்திலிருந்து காலேஜ் பிள்ளைகள் கொட்டினார்கள். பாடம் நடந்துகொண்டிருந்த வகுப்பு வாசலிலேயே மஞ்சு அழுதிருக்கிறாள். அதற்குமேல் அவள் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

“வரிசையா நில்லுங்கடே” என்று பொன்னுதாஸ் அதட்டினான். “பேடி உள்ளவன் இப்பமே சொல்லணும். எடையில விழுந்தா தூக்க ஆளில்ல.”

“அண்ணாச்சி, நீங்க ஓட்டின ஓட்டத்துல பேடியெல்லாம் தனுவச்சபுரத்துலயே தீந்துபோச்சு” என்றான் ஒருவன்.

ஆய்வு அறையில் ஒவ்வொருவராக விரலில் குத்திப் பார்த்தார்கள். தாணுமாலயனும் விரலை நீட்டினார். பார்வத்தியகாரர் பரம்பரை ரத்தம் பொருந்தவில்லை. பொருந்திய ரத்தம் மீன் வெட்டுகிறவர் மகனிடமும், பனையேறி பேரனிடமும், ஒரு பாஸ்டரின் மகளிடமும் இருந்தது. ஏழு தலைமுறையாக மீன் வாசம் அறியாத சைவ நரம்புகளில் அது சூடாக ஏறியது. நரம்புகள் ஒரு ஆட்சேபமும் சொல்லவில்லை.

கதவு மூடியது.

வெளியே தாணுமாலயன் சுவரில் சாய்ந்து நின்றார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. சலைனைத் தூக்கிப் பிடித்த கை இன்னும் மரத்துப்போய்ப் பாதி உயரத்தில் நின்றது. மஞ்சு அதைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டாள். உள்ளேயிருந்து ஒருமுறை விஜயதாஸின் குரல் கேட்டது: “இன்னும் ஒண்ணு, வேகம், வேகம்!” சுகுமாரி கதவைத் திறந்து கையை நீட்டினாள், ரத்த பாட்டில் அந்தக் கைக்குப் போயிற்று, கதவு மூடியது. மறுபடி திறந்தபோது அவளுடைய முழங்கைவரை சிவப்பாக இருந்தது. அவள் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. மஞ்சு கேட்க வாயெடுத்தாள். கதவு அதற்குள் மூடிவிட்டது.

பிறகு உள்ளே ஒரு சத்தமும் இல்லை. வெட்டுகிற சத்தமோ, கருவி விழுகிற சத்தமோ, பேச்சோ இல்லை. தாணுமாலயன் அந்த மௌனத்தைத் தாங்கமுடியாமல் கதவில் கை வைத்தார். தள்ளவும் துணிவில்லை, எடுக்கவும் துணிவில்லை.

கதவு உள்ளிருந்து திறந்து அவர் நெற்றியில் இடித்தது.

“மாறி நில்லுங்க மேனேஜரே” என்றார் டாக்டர் விஜயதாஸ். முகமூடியைக் கீழே இழுத்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. “நின்னாச்சு.”

“நின்னாச்சா?” என்றார் தாணுமாலயன், நெற்றியைப் பிடித்தபடி.

“ரத்தம் நின்னாச்சு ஓய், ரத்தம். ஆளு உண்டு. பிரஷர் கேக்குது.”

மஞ்சு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பொன்னுதாஸ் எதற்கென்று இல்லாமல் காலேஜ் பிள்ளைகளைப் பார்த்து, “மிண்டாம நில்லுங்கடே” என்றான். அவர்கள் ஏற்கெனவே மிண்டாமல்தான் நின்றார்கள்.

டாக்டர் வராந்தாக் குழாயில் கை கழுவினார். நெடுநேரம் கழுவினார். தாணுமாலயன் பக்கத்தில் வந்து நின்று நன்றி சொல்லத் தொடங்கியபோது, திரும்பாமலே பேசினார்.

“ஒரு கட்டு நழுவியிருந்தது. சின்ன ஒரு ரத்தக்குழல். பிடிச்சி கட்டினேன். அவ்வளவாக்கும்.”

“தெய்வம் போல...”

“தெய்வமும் மண்ணும் இல்ல.” அவர் குழாயை மூடவில்லை. “அந்த ஒற்றசேகரமங்கலத்துப் பொம்பளைக்கும் இதே போலத்தான் இருந்துது. வயிறு கல்லு மாதிரி. நாடி நூலு மாதிரி. நாம வண்டியில ஏத்தினோம்.”

தாணுமாலயன் அந்த வீட்டு முற்றத்தை நினைத்தார். அந்தப் பெண்ணின் புருஷன், மேனேஜர் இவ்வளவு தூரம் வந்தாரே என்று, தன் கையால் எலுமிச்சம்பழத் தண்ணீர் கலக்கிக் கொடுத்திருந்தான். சீனி போதுமா என்றும் கேட்டான். தாணுமாலயன் முழுவதும் குடித்திருந்தார்.

“டாக்டரே, அது...” என்றார்.

“ஒண்ணும் சொல்லாண்டாம்” என்றார் விஜயதாஸ். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு நடந்தவற்றைச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது. அந்த ஆஸ்பத்திரியின் புகழ் சரியத் தொடங்கியது. நோயாளிக்குப் பிசகு நேர்ந்தால் சொந்தக்காரர்கள் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு, “மேனேஜருக்க பெண்டாட்டிக்குச் செய்ததுபோல எங்களுக்கும் செய்யுங்க” என்று சட்டம் பேசினார்கள். டாக்டர் விஜயதாஸும் செய்தார். ராஜபாய் டாக்டரைக் கூட்டிவர வண்டி போயிற்று. ரத்தம் தருகிறவர்களை ஏற்றிவர வண்டி போயிற்று. சில சமயம் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு பெரிய டாக்டரையே கையோடு கொண்டுவந்தது. இங்கே முடியாதவர்களை, கை மிஞ்சுவதற்கு முன்னாலேயே, கையில் ஊசியும் பக்கத்தில் சுகுமாரியுமாக அனுப்பினார்கள். அவர்களில் பலர் நடந்து திரும்பி வந்தார்கள். ஆனால் எல்லாரையும் பிழைக்கவைக்கிற வித்தை யாரிடமும் இல்லை. ஆகவே அடுத்த வருடம் அந்த ஆஸ்பத்திரியில் முதல் சாவு நடந்தது. அதற்கடுத்து இன்னொன்று.

ஊர் சும்மா இருக்குமா? “முன்ன அங்க ஒரு சாவு கெடையாது. இப்பம் பாரு, ஆளு சாவுது. ஆசுத்திரி செரியில்ல” என்று மரக்கடையில் பேச்சாயிற்று. கல்யாணப் பந்திகளில் தாணுமாலயன் பப்படத்தைப் பேசாமல் தின்றார். பக்கத்து இலைக்காரர்கள் விடவில்லை, “என்ன மேனேஜரே, நிர்வாகம் தளந்துபோச்சா?” என்று கேட்டார்கள். “ஆமா ஓய்” என்று சொல்லிப் பருப்பைப் பிசைந்தார். முதல் சாவு நடந்த வீட்டுக்கு மலர் வளையம் இல்லாமல்தான் போனார். அவர்கள் என்ன கேட்டாலும் சொல்ல அவரிடம் பதில் இருந்தது. பதில் சொல்லிப் பழக்கமில்லாத அவருக்கு அதுவே புதிய பயமாக இருந்தது.

கோமளவல்லி உடம்பு தேறி வெளியே நடமாடத் தொடங்கிய பிறகு ஒருநாள் பாறசாலைக்குப் போகப் பஸ்ஸுக்கு நின்றாள். பக்கத்தில் நின்ற புஷ்பபாய் அவளுக்குத் தூரத்துப் பழக்கம். சந்தைக்குப் போகிறவள், வாய் கொஞ்சம் நீளம்.

“என்ன அக்கா, ஒங்க வீட்டுக்காரருக்க ஆசுத்திரியில இப்பம் ஆளுக்காரு சாவுதாமே? முன்ன எம்புட்டு பேரு எடுத்த ஆசுத்திரி!”

“சாவுதாக்கும்” என்றாள் கோமளவல்லி, சேலைத் தலைப்பைச் சரிசெய்தபடி. “சாவாததும் உண்டு மக்கா. ஒண்ணு இஞ்ச பஸ்ஸுக்கு நிக்கியது கண்ணுக்குத் தெரியல்லியா?”

பஸ் வந்தது. கூட்டமாக இருந்தது. அவள் முண்டியடித்து ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டாள்.